கிம் காலின்ஸை 10.07-ஐ வைத்து மட்டும் அளக்கலாமா?

கேள்வி இதுதான்: 2003 பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் 100 மீட்டர் தங்கம் வென்ற கிம் காலின்ஸ், செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் என்ற குட்டித் தீவு நாட்டுக்காரர். ஜெயித்த நேரமோ 10.07 வினாடி. பெரிய தலைகள் எல்லாம் சறுக்கிய ஒரு நாளில் இடையே புகுந்து தங்கத்தை எடுத்தவர்தானே, அவரைப் பெரிய ஓட்டக்காரர்களின் வரிசையில் வைப்பது நியாயமா?

நியாயம்தான். இதை நான் அழுத்தமாகவே சொல்வேன். அந்த ஒரு ஓட்டத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு வந்த சந்தேகம் யாருக்கும் வரும். அதற்கு முந்தைய ஏழு வருடங்களையும் பிந்தைய பதின்மூன்று வருடங்களையும் சேர்த்துப் பார்த்தால், பாரிஸ் தங்கம் அவர் வாழ்க்கையில் மிக வியப்பான சம்பவம்கூட இல்லை என்பது தெரியும்.

முதலில் அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு அதன் தலைநகர் பாஸ்டெயர் தெரிந்திருக்கும். 2007 உலகக் கோப்பையில் நெதர்லாந்துக்கு எதிராக ஹெர்ஷல் கிப்ஸ் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தது அங்குள்ள வார்னர் பார்க் மைதானத்தில்தான். இரண்டு தீவுகள், மொத்தப் பரப்பு 261 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஏறக்குறைய 50 ஆயிரம். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர நகராட்சிக்கு இருக்கும் அளவுதான். அமெரிக்கக் கண்டங்களில் இதைவிடச் சிறிய சுதந்திர நாடு கிடையாது. பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது 1983 செப்டம்பரில். ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் கொடி பிடித்துப் போனது 1996 அட்லாண்டாவில். காலின்ஸ் பிறந்தது 1976 ஏப்ரல் 5. அதாவது தன் நாட்டுக்கு ஏழு வயது மூத்தவர். நாட்டின் முதல் ஒலிம்பிக் அணியிலேயே அவர் இருந்தார், 100 மீட்டரில் இரண்டாம் சுற்று வரை போனார். அப்போது வயது 20.

கரீபியன் தீவுகளில் ஓடத் தெரிந்த பையன்களுக்கும் பெண்களுக்கும் காலங்காலமாக ஒரு வழி உண்டு. பள்ளிப் போட்டிகளில் தலைகாட்டி, தீவுகளுக்கு இடையே நடக்கும் இளையோர் போட்டிகளில் யாராவது ஒரு பயிற்சியாளரின் கண்ணில் பட்டு, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் உதவித்தொகையில் விமானம் ஏறுவது. காலின்ஸும் அப்படித்தான் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஜமைக்காவுக்காவது பெரிய பள்ளித் தடகளக் கட்டமைப்பும் அதைப் பார்க்க அரங்கம் நிறையக் கூடும் கூட்டமும் இருக்கின்றன. 50 ஆயிரம் பேர் கொண்ட நாட்டில் அப்படி ஒன்றைக் கட்ட முடியாது. அங்கிருந்து வருபவர் ஏறக்குறைய தனியாளாகத்தான் வருகிறார். தன்னோடு பயிற்சி செய்ய, தன்னைத் தோற்கடிக்க உள்ளூரில் ஆள் கிடைப்பதே அரிது.

2000 சிட்னி ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதிச்சுற்றில் காலின்ஸ் 10.17-ல் ஏழாவதாக வந்தார். ஏழாவது இடத்தை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? ஆனால் செயின்ட் கிட்ஸ்காரர் ஒருவர் ஒலிம்பிக் இறுதிச்சுற்றுக்குப் போனது அதுவே முதல் முறை. அந்த ஓட்டத்தில் தங்கம் வென்ற அமெரிக்காவின் மாரிஸ் கிரீனுக்குப் பின்னால் வெள்ளி வென்றவர் டிரினிடாட்டின் ஏட்டோ போல்டன், வெண்கலம் பார்படோஸின் ஒபடெலே தாம்ப்ஸன். எட்டுப் பேரில் மூன்று பேர் சின்னத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். அடுத்த வருடம் எட்மன்டன் உலகப் போட்டியில், 200 மீட்டரில், 20.20 வினாடி ஓடி அமெரிக்காவின் ஷான் கிராஃபர்டுடன் வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டார். நாட்டின் முதல் உலகப் போட்டிப் பதக்கம். 200 மீட்டரில் அவருடைய வாழ்நாள் சிறந்த நேரமும் அதுதான்.

2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் 9.98. முதல் முறையாகப் பத்து வினாடிக்குள், முதல் பெரிய தங்கம். இங்கேயும் "அதிர்ஷ்டம்" என்பவர்கள் உண்டு. இங்கிலாந்தின் டுவெய்ன் சேம்பர்ஸ், மார்க் லூயிஸ்-ஃபிரான்சிஸ் இருவரும் அந்த இறுதிச்சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே காயம் பட்டு நின்றுவிட்டார்கள். சரி. ஆனால் இரண்டாவதாக வந்த நைஜீரியாவின் உச்சென்னா எமெடோலுவின் நேரம் 10.11. காலின்ஸுக்கும் அடுத்தவருக்கும் இடையே 0.13 வினாடி! இந்த அளவு இடைவெளி 100 மீட்டரில் ஒரு மீட்டருக்கும் மேல். காயம் பட்டவர்கள் நல்ல உடலோடு ஓடியிருந்தாலும் 9.98-ஐத் தாண்டியாக வேண்டும்.

மான்செஸ்டரைப் பற்றிப் பேசினால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் போட்டியில் எடுத்த பரிசோதனையில் சால்பியூட்டமால் என்ற மருந்து அவர் உடலில் இருந்தது தெரியவந்தது. ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரில் இழுக்கும் மருந்துதான் அது. அவருக்கு ஆஸ்துமா இருப்பதும் அதற்காகவே அந்த மருந்தை எடுத்துக்கொண்டதும் ஏற்றுக்கொள்ளப்பட்டு, பதக்கம் அவரிடமே விடப்பட்டது. நீண்ட காலம் ஓடிய குறுந்தூர ஓட்டக்காரர் என்றாலே சந்தேகக் கண்ணோடு பார்ப்பது இன்று பழக்கமாகிவிட்டது. ஓட்டக்காரர்கள் அந்தக் காலத்தில் செய்த காரியங்கள் அப்படி. அதனால் இந்த விவரத்தைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

இனி பாரிஸ். 2003 ஆகஸ்ட் 24, 25. இரண்டு நாளில் நான்கு சுற்று. அந்த வருடம்தான் தவறான தொடக்கத்துக்குப் புது விதி வந்திருந்தது: முதல் தவறு யாருடையதாக இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே எச்சரிக்கை, இரண்டாவது தவறு செய்பவர் யாரோ அவர் வெளியே. காலிறுதி ஒன்றில் அமெரிக்காவின் ஜான் டிரம்மண்டும் ஜமைக்காவின் அசாஃபா பவலும் இந்த விதியில் சிக்கினார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு 0.100 வினாடிக்கு முன்னால் உடல் அசைந்தால் கருவி அதைத் தவறு என்று காட்டிவிடும். டிரம்மண்டுக்கு 0.052, பவலுக்கு 0.086. டிரம்மண்ட் ஏற்கவில்லை. ஓடுபாதையில் மல்லாந்து படுத்துவிட்டார். ஒரு முழு அரங்கமும் கூச்சலிட, போட்டி நீண்ட நேரம் முடங்கியது. மூன்று முறை தொடர்ந்து உலக சாம்பியனாக இருந்த மாரிஸ் கிரீன் காயத்தோடு அரையிறுதியில் கடைசியாக வந்து வெளியேறினார். 'பெரிய தலைகள் சறுக்கின' என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

இறுதிச்சுற்றில் காலின்ஸுக்குக் கிடைத்தது முதலாம் தடம், அதாவது உள் ஓரம். அரையிறுதியில் முன்னணியில் வந்தவர்களுக்கு நடுத் தடங்கள் போகும். ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம்தான் ஆள் தெரியும். வேகமான ஆட்கள் நடுவில் மோதிக்கொள்ளும்போது தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குப் புரியாது. தன் ஓட்டத்தை மட்டும் நம்பி ஓட வேண்டிய இடம் அது. ஒரு சின்ன நாட்டுக்காரர் அங்கே நிற்கிறார் என்பதைப் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

முடிவு இப்படி வந்தது: காலின்ஸ் 10.07. டிரினிடாட்டின் டாரல் பிரௌன், பிரிட்டனின் டேரன் கேம்பல், டுவெய்ன் சேம்பர்ஸ் ஆகிய மூவருக்கும் 10.08. நூறில் ஒரு பங்கு வினாடிக்குள் நான்கு பேர். அந்த வேகத்தில் நூறில் ஒரு பங்கு என்பது பத்து, பதினோரு சென்டிமீட்டர் தூரம். இறுதிக் கோட்டில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் வரிசையை முடிவு செய்ய வேண்டியிருந்தது. வெள்ளி வென்ற பிரௌனுக்கு வயது 18. முந்தைய நாள் காலிறுதியில் 10.01 ஓடி இளையோர் உலகச் சாதனை படைத்திருந்த பையன் அவர். ஆக, காலின்ஸ் தோற்கடித்தது சோர்ந்துபோன கூட்டத்தை அல்ல.

10.07 மெதுவான நேரம் என்பது உண்மை. உலகப் போட்டியின் வரலாற்றில் அதைவிட மெதுவாக யாரும் 100 மீட்டர் தங்கம் வென்றதில்லை. அதே 10.07-ல் ஜெயித்த இன்னொருவர் இருக்கிறார்: 1983-ல் ஹெல்சின்கியில் நடந்த முதல் உலகப் போட்டியில் கார்ல் லூயிஸ். லூயிஸின் அந்தத் தங்கத்தை யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்வதில்லை. சாம்பியன்ஷிப் என்பது நேரத்துக்கான போட்டி அல்ல. அன்றைய எட்டுப் பேரில் முதலில் வருவதற்கான போட்டி.

அதோடு அந்த எட்டுப் பேரில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நான்காவதாக வந்த சேம்பர்ஸ் அந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் கொடுத்த மாதிரியில் டிஎச்ஜி என்ற ஊக்கமருந்து இருந்தது பிறகு வெளிவந்தது. அவரே ஒப்புக்கொண்டார், தடை வாங்கினார், பாரிஸ் முடிவு அழிக்கப்பட்டது. ஐந்தாவதாக வந்த டிம் மான்ட்கோமரி அப்போது 9.78-உடன் உலகச் சாதனையாளர். ஓட்டக்காரர்களுக்கு அந்த டிஎச்ஜியைக் கொடுத்துவந்த கலிஃபோர்னியாவின் பால்கோ ஆய்வகத்தில் அதிகாரிகள் நுழைந்தது 2003 செப்டம்பர் 3-ஆம் தேதி, பாரிஸ் இறுதிச்சுற்று முடிந்து ஒன்பதே நாளில். அந்த விசாரணையின் முடிவில் மான்ட்கோமரியின் உலகச் சாதனையும் 2001-லிருந்து அவர் வென்றவையும் நீக்கப்பட்டன. அதே பாரிஸில் பெண்கள் 100, 200 இரண்டிலும் ஜெயித்த கெல்லி ஒயிட் இரண்டு தங்கத்தையும் இழந்தார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு பாருங்கள். மருந்து எடுத்தவர்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில், முதலாம் தடத்திலிருந்து, அவர்களுக்கு முன்னால் வந்தவர் காலின்ஸ். அவருடைய 10.07-க்குக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த வருடம் மார்ச்சில் பர்மிங்ஹாமில் உள்ளரங்க உலகப் போட்டி 60 மீட்டரிலும் ஜஸ்டின் கேட்லினுக்கு அடுத்து வெள்ளி வென்றிருந்தார். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2001-ல் உலக வெண்கலம், 2002-ல் காமன்வெல்த் தங்கம், 2003 மார்ச்சில் உலக உள்ளரங்க வெள்ளி, ஆகஸ்டில் உலகத் தங்கம். ஒரு படிக்கட்டு ஏறி வருவது தெளிவாகத் தெரிகிறது. திடீரென்று குதித்தவர் அல்ல.

ஊருக்குத் திரும்பியபோது நாடே கொண்டாடியது. ஆகஸ்ட் 25-ஐ அவர் பெயரில் ஒரு நாளாக அறிவித்தார்கள். பாஸ்டெயரில் ஒரு நெடுஞ்சாலைக்கும் தேசியத் தடகள அரங்கத்துக்கும் அவர் பெயர் இருக்கிறது. உயிரோடு இருக்கும் ஓட்டக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அரங்கத்தில் அந்த நாட்டுப் பிள்ளைகள் பயிற்சி செய்கிறார்கள்.

ஓட்டப் பாணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போவதைப் புரிந்துகொள்ள அது உதவும். காலின்ஸ் ஒல்லியான ஆள். 2000-களின் 100 மீட்டர் ஓட்டக்காரர்கள் பளு தூக்குபவர்கள் போலத் தோள் புடைத்து நிற்க, அவர்களுக்கு நடுவில் இவர் பள்ளி ஆசிரியர் மாதிரித் தெரிவார். ஜிம்மில் இரும்பு தூக்குவதில் நாட்டமில்லாதவர் என்று அந்த நாளிலேயே பேசப்பட்டது. அவர் பலமெல்லாம் தொடக்கத்தில். தொடக்கக் கோட்டில் காலை ஊன்றிக்கொள்ளும் பிளாக்கிலிருந்து கிளம்பி முதல் முப்பது, நாற்பது மீட்டரில் யாரோடும் சமமாகவோ முன்னாலோ இருப்பார். கடைசி முப்பது மீட்டரில் உயரமானவர்கள், வலுவானவர்கள் துரத்தி வருவார்கள். பல பந்தயங்களில் கடந்தும் போயிருக்கிறார்கள். ஆகவே அவர் பந்தயம் எப்போதும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: முன்னால் எடுத்த தூரம் கோடு வரை தாங்குமா? பாரிஸில் பத்து சென்டிமீட்டர் தாங்கியது.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிச்சுற்றில் 10.00 ஓடி ஆறாவது. ஒலிம்பிக் இறுதிச்சுற்று ஒன்றில் 10.00 ஓடியும் ஆறாவது இடம்தான் என்றால் அந்தப் பந்தயம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். முதல் ஐந்து பேரும் 9.94-க்குள். 2005 ஹெல்சின்கியில் 10.05-ல் உலக வெண்கலம். 2008 பெப்ரவரி, மார்ச் உள்ளரங்கப் பருவத்தில் வாலென்சியாவில் 60 மீட்டர் வெள்ளியை 6.54-ல் பகிர்ந்துகொண்டார், வேறு யாரோடும் இல்லை, தடை முடிந்து திரும்பி வந்த டுவெய்ன் சேம்பர்ஸோடு. அதே வருடம் பெய்ஜிங்கில் உசேன் போல்ட் 19.30 ஓடிய 200 மீட்டர் இறுதிச்சுற்றில் காலின்ஸ் ஆறாவது. அப்போது வயது 32. 2009 பெர்லினில் காலிறுதியோடு நின்றதும் ஓய்வை அறிவித்தார். ஒரு நல்ல ஓட்டக்காரரின் நல்ல வாழ்க்கை அங்கே முடிந்திருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு அவர் மீது பெரிய மரியாதை வந்தது அதற்குப் பிறகுதான்.

2011-ல் திரும்பி வந்தார். தென் கொரியாவின் டேகு நகரில் உலகப் போட்டி. 100 மீட்டர் இறுதிச்சுற்றில் போல்ட் தவறாகக் கிளம்பி வெளியேற்றப்பட்ட அந்தப் பிரபலமான இரவு எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த அதிர்ச்சியிலிருந்து மீண்டு மறுபடி பிளாக்கில் குனிந்தவர்களில் 35 வயது காலின்ஸும் ஒருவர். போல்ட்டின் பயிற்சித் தோழர் யோகன் பிளேக் 9.92-ல் ஜெயித்தார், வால்டர் டிக்ஸ் 10.08, காலின்ஸ் 10.09. தொடக்கத்தில் முன்னால் பாய்ந்தவர் காலின்ஸ்தான். பிளேக்குக்கு வயது 21. இருவருக்கும் இடையே ஏறக்குறைய பதினான்கு வருடம்.

அதோடு முடியவில்லை. அதே போட்டியின் கடைசி நாளில் 4x100 தொடர் ஓட்டம். ஜேசன் ராஜர்ஸ், கிம் காலின்ஸ், அன்ட்வான் ஆடம்ஸ், பிரிஜேஷ் லாரன்ஸ். ஜமைக்கா 37.04-ல் உலகச் சாதனை படைத்தது, பிரான்ஸ் இரண்டாவது, அமெரிக்கா கோல் மாற்றும் இடத்தில் விழுந்து போனது. மூன்றாவதாக வந்தது செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ், 38.49. ஒரு தனி மேதை எந்த ஊரிலும் பிறக்கலாம். ஆனால் 50 ஆயிரம் பேர் உள்ள நாடு உலகத் தரத்தில் நான்கு ஓட்டக்காரர்களை ஒரே நேரத்தில் தடத்தில் நிறுத்துகிறது என்றால், முன்னால் ஓடியவரைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அணியில் ராஜர்ஸும் ஆடம்ஸும் லாரன்ஸும் காலின்ஸைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவர்கள். பாரிஸில் அவர் ஜெயித்தபோது அவர்கள் பள்ளிப் பையன்கள். என்னைக் கேட்டால், பாரிஸ் தங்கத்தைவிட இந்த வெண்கலம்தான் அவருடைய பெரிய சாதனை.

2012 லண்டனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது, பேசவும் மனம் கசக்கிறது. தொடக்க விழாவில் நாட்டின் கொடியை ஏந்திப் போனவர், 100 மீட்டர் முதல் சுற்றுக்கு முன்னால் அணியிலிருந்தே நீக்கப்பட்டார். ஒலிம்பிக் கிராமத்தை விட்டு வெளியே போய் மனைவியோடு தங்கியதும் அணி நிர்வாகத்தோடு ஏற்பட்ட உரசலும் காரணம். அவர் பயிற்சிக்கு வரவில்லை, தொடர்புகொள்ளவும் முடியவில்லை என்றது நிர்வாகம். சிறையில் இருப்பவர்களைக்கூட மனைவி வந்து பார்க்கலாமே என்ற பொருளில் அவர் ட்விட்டரில் எழுதினார். இனி நாட்டுக்காக ஓடப்போவதில்லை என்றும் கோபத்தில் சொன்னார். அணி ஒழுங்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 36 வயதில், ஐந்தாவது ஒலிம்பிக்கில், நாட்டின் கொடியைச் சுமந்துபோன மனிதரைப் பேசித் தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும். சின்ன நாட்டு விளையாட்டு நிர்வாகங்களில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். அதனாலேயே சின்ன மனஸ்தாபம் சீக்கிரம் பெரிதாகிவிடுகிறது.

கோபம் ஆறியது. அதற்குப் பிறகு நடந்ததற்குக் குறுந்தூர ஓட்டத்தில் இணையே இல்லை.

ஒரு மனிதர் 26 வயதில் 9.98 ஓடியிருக்கிறார். அடுத்த பத்து வருடம் அதைத் தாண்டவில்லை. பொதுவாக அதோடு கதை முடிந்தது. குறுந்தூர ஓட்டம் வேகமாகச் சுருங்கும் தசைநார்களை நம்பி நடப்பது, வயது ஏற ஏற முதலில் தேய்வதும் அவைதான். தசைநாண்களின் விறைப்பு குறையும். ஒரு கடினப் பயிற்சியிலிருந்து உடல் மீள இரண்டு நாள் போதும் என்றிருந்தது நான்கு நாளாகும். தொடையின் பின்தசை ஒருமுறை கிழிந்தால் அந்தப் பருவமே போய்விடும். ஆனால் காலின்ஸ் 2013-ல் லோசான் நகரில் 37 வயதில் 9.97 ஓடினார். 2014-ல் 9.96. 2015 பெப்ரவரியில் போலந்தின் ஊட்ச் நகரில் 60 மீட்டரை 6.47-ல் ஓடினார். 2003-ல் உலக உள்ளரங்க வெள்ளி வென்றபோது அவர் நேரம் 6.53 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு 2016 மே 29, ஜெர்மனியின் போட்ராப் நகரில், நாற்பதாவது பிறந்தநாள் முடிந்து 54-ஆம் நாளில், 9.93.

நாற்பது வயதைக் கடந்த ஒருவர் 100 மீட்டரைப் பத்து வினாடிக்குள் ஓடியது அதுவே முதல் முறை. அவருடைய மொத்த வாழ்க்கையிலும் மிக வேகமான ஓட்டமும் அதுதான், நாட்டின் சாதனையும் அதுதான். நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், அன்று பின்னாலிருந்து வினாடிக்கு 1.9 மீட்டர் வேகத்தில் காற்று வீசியது. அனுமதிக்கப்பட்ட எல்லை 2.0. அவ்வளவு காற்று ஏறக்குறைய ஒரு பத்தில் ஒரு பங்கு வினாடி உதவி செய்யும். காற்றைக் கழித்துவிட்டால் அது 10.02, 10.03 அளவுக்கான ஓட்டம். அப்படிக் கழித்த பிறகும், 27 வயதில் பாரிஸில் ஓடியதற்குச் சமமாகவோ மேலாகவோ 40 வயதில் ஓடியிருக்கிறார். இன்றைய வீரர்கள் அணியும், கார்பன் தகடும் புது நுரையும் வைத்த ஸ்பைக்ஸ் காலணிகள் பரவுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே.

இன்னொரு விதமாகவும் இந்த 9.93-ஐப் பார்க்கலாம். 1983 ஜூலையில் கால்வின் ஸ்மித் ஓடி உலகச் சாதனையாக்கிய நேரம் 9.93. 1988 வரை ஆண்கள் 100 மீட்டரின் அதிகாரபூர்வ உச்சமாக அது நின்றது. ஸ்மித் அதை ஓடியபோது காலின்ஸுக்கு ஏழு வயது, அவர் நாடு இன்னும் சுதந்திரம்கூட வாங்கவில்லை. அந்த நேரத்தை அவர் நாற்பது வயதில் தொட்டார்.

எப்படி முடிந்தது என்று கேட்டால், ஒரே ஒரு மந்திரம் இருந்ததாக நான் நம்பவில்லை. கனமான உடலை வளர்க்காமல் இருந்தது மூட்டுகளையும் தசைநாண்களையும் காப்பாற்றியிருக்கும். பிந்தைய வருடங்களில் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் மனைவி பவுலா. என்றைக்கு ஓட வேண்டும், என்றைக்கு ஓடக் கூடாது என்று உடலைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் முடிவு செய்ய முடிந்தது. அவருடைய பலம் தொடக்கத்தில் இருந்ததும் ஒரு காரணம். பிளாக்கிலிருந்து கிளம்புவதில் முக்கால்வாசி பழக்கம், நுணுக்கம், கோணம். அது வயதோடு தேய்வது கொஞ்சம் மெதுவாகத்தான். கடைசி முப்பது மீட்டரின் உச்ச வேகத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இந்த வசதி இல்லை.

அந்த ஆகஸ்டில் ரியோ. முதல் ஒலிம்பிக்கிலிருந்து சரியாக இருபது வருடம் கழித்து, லண்டனில் ஓட முடியாமல் போனதைக் கழித்தால் தான் ஓடிய ஐந்தாவது ஒலிம்பிக்கில், 100 மீட்டர் அரையிறுதி வரை போனார்.

குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று: ஒலிம்பிக் பதக்கம் இல்லை. அவருக்கும் இல்லை, அவர் நாட்டுக்கும் இன்றுவரை இல்லை. அதை வைத்து அவரை ஒரு படி கீழே இறக்குபவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். கணக்கு கணக்குதான். ஆனால் உலகப் போட்டியில் ஐந்து பதக்கம், உள்ளரங்க உலகப் போட்டியில் இரண்டு, காமன்வெல்த் தங்கம் ஒன்று, இரண்டு ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதிச்சுற்று, ஒரு ஒலிம்பிக் 200 மீட்டர் இறுதிச்சுற்று. இவற்றில் பதக்கங்கள் எல்லாமே பத்தே வருடத்தில், 2001-லிருந்து 2011-க்குள் கிடைத்தவை. அதிர்ஷ்டம் ஒருவர் வீட்டுக்கு இத்தனை முறை வழி கேட்டு வராது.

சின்னத் தீவுகளிலிருந்து வந்தவர்களை ஒப்பிட விரும்பினால் கிரெனடாவின் கிரானி ஜேம்ஸை எடுத்துக்கொள்ளலாம். காலின்ஸ் வெண்கலம் வென்ற அதே டேகுவில் 400 மீட்டர் தங்கம், அடுத்த வருடம் லண்டனில் ஒலிம்பிக் தங்கம். செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட் 2024 ஆகஸ்ட் 3-ஆம் தேதி பெண்கள் 100 மீட்டரை 10.72-ல் வென்று தன் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தார். அது நடந்த இடம் பாரிஸின் ஸ்டாட் டி ஃபிரான்ஸ், 2003-ல் காலின்ஸ் ஜெயித்த அதே அரங்கம். உச்சத்தை மட்டும் பார்த்தால் இவர்கள் இருவரும் காலின்ஸைவிட உயரம் தொட்டவர்கள், சந்தேகமில்லை. நீளத்தில் அவரைத் தொட யாரும் இல்லை.

பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்ய விரும்பினால், நான்கு ஓட்டங்களின் காணொளியைத் தேடிப் பாருங்கள்: 2002 மான்செஸ்டர், 2003 பாரிஸ், 2011 டேகு 100 மீட்டர், 2016 போட்ராப். பாரிஸ் ஓட்டத்தைப் பார்க்கும்போது கண் தானாக நடுத் தடங்களுக்குப் போகும். இரண்டாம் முறை முதலாம் தடத்தை மட்டும் பாருங்கள். டேகுவில் முதல் நாற்பது மீட்டரைக் கவனியுங்கள். அதே தொடக்கம், அதே குனிவு, எட்டு வருடம் கழித்து. நேரம் இருந்தால் டேகுவின் 4x100-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜமைக்காவின் உலகச் சாதனையைக் காட்டுவதில் கேமரா மும்முரமாக இருக்கும், மூன்றாவதாக வரும் அணியை நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.